மூலச் சான்றை வகுப்பறைக்குக் கொண்டுவருவது எப்படி? மதுரை வட்டார வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் எடுப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு சான்றுக்கு மூன்று பாடவேளை ஒதுக்கினால் போதும். அதற்கு மேல் இழுத்தால் பாடத்திட்டம் முடியாது, தலைமையாசிரியரும் கேட்பார்.

புதிதாக இதில் இறங்குபவர்களுக்குச் சான்று கிடைப்பதில் சிக்கல் இல்லை. மதுரையைச் சுற்றி எந்தப் பாறையில் ஏறினாலும் ஏதாவது எழுதியிருக்கிறது. அவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். விளக்கம் முதலில் வந்துவிடுகிறது. சான்று பின்னால் வந்து அதற்குத் தலையாட்டுகிறது. அப்படி நடத்தினால் கல்வெட்டும் பாடப்புத்தகத்தில் வரும் இன்னொரு படம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

1. கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற பாடத்தைத் தேடாதீர்கள். பாடத்திலிருந்து ஒரு கேள்வியை எடுங்கள். அதற்கு விடை சொல்லக்கூடிய சான்றைத் தேடுங்கள்.

கேள்வி சிறியதாக இருக்கட்டும். ‘பாண்டியர் காலச் சமுதாயம் எப்படி இருந்தது?’ என்பது ஆய்வேட்டுக்கான கேள்வி. ‘சமணத் துறவிகளுக்குக் குகையில் படுக்கை வெட்டக் காசு கொடுத்தது யார்?’ என்பது ஒன்பதாம் வகுப்புக்கான கேள்வி. இரண்டாவது கேள்விக்குப் பிள்ளைகளால் கல்லிலேயே விரலை வைத்து விடை காட்ட முடியும்.

2. சான்றைத் தேர்ந்தெடுத்தல்

நான்கு வகைச் சான்றுகள் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பத்திரம், திருமணப் பத்திரிகை, கடிதம் போன்ற தாள்கள்; மலைகளிலும் கோயில்களிலும் உள்ள கல்வெட்டுகள்; சட்டம், அறிக்கை, கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு) போன்ற அரசு அச்சுகள்; நாம் தினமும் நடக்கும் தெருக்கள்.

வீட்டுத் தாளில் தொடங்குங்கள். கீழடிக்குப் பஸ் பிடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். 2023-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் மதுரையிலிருந்து பக்கம்தான், பார்க்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பானை ஓட்டிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று தெரியாத பிள்ளை, அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். தன் தாத்தாவின் பத்திரத்தை ஒருமுறை அலசிப் பார்த்த பிள்ளை, ‘ஆதன்’ என்று கீறிய ஓட்டின் முன்னால் நின்று, இது பானை செய்தவர் பெயரா, வைத்திருந்தவர் பெயரா என்று கேட்கும். கீழடி மூன்றாவது சான்றாகவோ நான்காவது சான்றாகவோ வரட்டும்.

தேர்வு செய்யும்போது மூன்றைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஏதாவது ஒரு தேதியோ அரசர் பெயரோ இருக்க வேண்டும். பிள்ளை உதவியின்றி மூன்றில் ஒரு பங்காவது படிக்க முடிய வேண்டும், அல்லது எழுத்துப்பெயர்ப்பை, அதாவது மூலத்தை இன்றைய எழுத்தில் அப்படியே எழுதியதைப் பார்த்தாவது படிக்க முடிய வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சான்றை உங்கள் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. வகுப்புக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

மூலத்தை வகுப்பில் சுற்றுக்கு விடாதீர்கள். மடிப்பில் கிழிந்த பத்திரம் நாற்பது கை மாறினால் திரும்பும்போது இரண்டு துண்டாகத் திரும்பும். படமெடுத்து, நால்வருக்கு ஒரு நகல் வீதம் எடுங்கள். மூலத்தை உங்கள் மேசை மேல் வைத்து, வரிசையாக வந்து பார்க்கச் சொல்லுங்கள். தாளின் தடிப்பையும் முத்திரையையும் நகல் காட்டாது.

இரண்டாவதாக, எழுத்துப்பெயர்ப்பு. மூலத்தில் உள்ளபடியே வரி பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் எண் போடுங்கள். பிழையைத் திருத்த வேண்டாம். வரி எண் இல்லாமல் வகுப்புக்குப் போனால், ‘எங்கே சொல்லியிருக்கிறது?’ என்று நீங்கள் கேட்கும்போது நாற்பது பேரும் நாற்பது இடத்தைக் காட்டுவார்கள்.

மூன்றாவதாக, அருஞ்சொற் சீட்டு. பத்திரத் தமிழ் தனித் தமிழ். ‘நான்கு மால்’, ‘கிழமேல்’, ‘தென்வடல்’, ‘சர்வ சுதந்திர பாத்தியமாய்’, ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ இவற்றுக்கெல்லாம் ஒரு வரி விளக்கம் போதும். ஆனால் சீட்டை முதல் பாடவேளையில் கொடுக்காதீர்கள். ஏன் என்பது ஐந்தாம் படியில் வரும்.

நான்காவதாக, ஆண்டுக் கணக்கு. அதிகம் பேர் சறுக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நிலவரிக் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி ஜூலையில் தொடங்குவதால் பசலி 1350 என்பது 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. சக ஆண்டோடு 78 கூட்ட வேண்டும். கலியாண்டிலிருந்து 3101 கழிக்க வேண்டும். ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையின் கல்வெட்டில் உள்ள கலி 3871, கி.பி. 770 ஆவது இப்படித்தான்.

தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். தாது வருஷம் என்றால் பெரும் பஞ்சம் வந்த 1876-உம் உண்டு, 1936-உம் உண்டு, 1996-உம் உண்டு. எந்தத் தாது என்பதைத் தாளில் உள்ள வேறொன்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்: முத்திரைத்தாளில் இருப்பது மன்னர் தலையா அசோகச் சிங்கமா, தொகை அணாவிலா பைசாவிலா என்று. 1957 ஏப்ரல் 1-இல்தான் பதின்மக் காசு வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. இதை நீங்களே போட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். வாய்ப்பாட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் கணக்குப் பிடித்த பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் வாய் திறக்கும் அபூர்வமான தருணம் அது.

பழைய ஏடுகளிலும் பத்திரங்களிலும் தமிழ் எண்கள் வந்தால், பத்து (௰), நூறு (௱), ஆயிரம் (௲) ஆகிய மூன்று குறிகளையும் முன்பே சொல்லிக்கொடுங்கள். ௲௮௱௭௰௬ என்பதை 1876 என்று படிக்க ஐந்து நிமிடப் பயிற்சி போதும். மா, காணி, முந்திரி என்னும் பின்னக் குறிகளை இப்போது தொடாதீர்கள். பாடவேளை முழுவதையும் அவையே விழுங்கிவிடும்.

4. பெயரும் சாதியும்: அனுப்புமுன் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகும் வழிகாட்டிகள் எதுவும் நம் ஊருக்கு உதவாது.

பழைய பத்திரத்தில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் சாதியும் தொழிலும் இருக்கும். வாங்கியவர், விற்றவர், சாட்சி என யாரும் தப்ப மாட்டார்கள். அதை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தால், முதல் பெஞ்சில் இருப்பவரின் கொள்ளுத்தாத்தா நிலம் வாங்கியவர், கடைசி பெஞ்சில் இருப்பவரின் கொள்ளுத்தாத்தா விற்றவர் என்பது இடைவேளைக்குள் பள்ளி முழுவதும் பரவிவிடும். அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் என்ன நடக்கும் என்பதை மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மாணவர் வீட்டிலிருந்து வரும் எந்தத் தாளிலும் ஆட்பெயர், சாதிப்பெயர், புல எண் மூன்றையும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்த பிறகே நகலெடுங்கள். அந்த இடத்தில் ‘விற்றவர்’, ‘வாங்கியவர்’, ‘சாட்சி 1’ என்று எழுதுங்கள். வீட்டாரிடம் இரண்டு வரி ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: நிலத்தகராறு நீதிமன்றத்தில் இருக்கும் குடும்பத்தின் பத்திரம் உங்கள் மேசையில் இருப்பது உங்களுக்கும் நல்லதன்று.

எல்லாவற்றையும் மறைத்துவிட்டால் சாதி பற்றிய வரலாறே வகுப்பில் வராமல் போய்விடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பொதுவெளியில் உள்ள சான்றைப் பயன்படுத்துங்கள், வீட்டுச் சான்றை வேண்டாம். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தலைமையில், அதுவரை கோயில் நுழைவு மறுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். கோயில் நுழைவுக்கான சட்டம் அந்த ஆண்டில் அதற்குப் பிறகுதான் வந்தது. நுழைந்த தேதி, சட்டம் வந்த தேதி இரண்டையும் பலகையில் எழுதி, எது முந்தியது, ஏன் என்று மட்டும் கேளுங்கள். ஒரு பாடவேளை அதிலேயே ஓடும்.

அரசு அச்சுகளில் வேறொரு சிக்கல். 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியரில் சில சமூகங்களைப் பற்றி எழுதியிருப்பதை வகுப்பில் உரக்கப் படிக்க முடியாது. அதற்காக ஒதுக்கவும் வேண்டாம். எழுதியவர் அரசு அதிகாரி, யாருக்காக எழுதினார், யாரைக் கேட்காமல் எழுதினார் என்று பிள்ளைகள் கேட்கப் பழகிய பிறகு, ஆண்டின் பிற்பகுதியில் எடுங்கள். கூடவே 1920 ஏப்ரல் 3-இல் நடந்ததையும் வையுங்கள். அன்றுதான் பெருங்காமநல்லூரில் ரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்ன குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. பத்திரத்தில் நிலம் விற்பவர் வைத்த பெருவிரல் ரேகையை ஏற்கெனவே பார்த்த பிள்ளை, அந்தச் சட்டத்தின் பதிவேட்டில் ஊரையே வரிசையில் நிறுத்தி எடுத்த ரேகைக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைத் தானே சொல்லும்.

5. முதல் பாடவேளை: பார்ப்பது மட்டும்

நகலைக் கொடுங்கள். தலைப்பு, காலம், யாருடையது என எதையும் சொல்லாதீர்கள். ஆளுக்குப் பத்து விஷயம் எழுத வேண்டும். கண்ணால் கண்டதை மட்டும். ‘பழைய காலத்துப் பத்திரம்’ என்று எழுதினால் ஏற்காதீர்கள், அது முடிவு. ‘மேலே ஒரு முகம் அச்சாகியிருக்கிறது’, ‘கீழே மை உருண்டையாக அப்பியிருக்கிறது’, ‘ஓரத்தில் கறையான் அரித்திருக்கிறது’ என்பவையே கண்டவை.

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் தோற்கிறார்கள். ஐந்து நிமிட அமைதியை அவர்களால் தாங்க முடிவதில்லை. பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கிறார்களே என்று இரக்கப்பட்டு, ‘இது ஒரு கிரயப் பத்திரம், அந்தக் காலத்தில்...’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நொடியிலேயே பிள்ளைகள் தாளைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுப்பார்கள். விடை ஆசிரியரிடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு தாளைப் பார்ப்பானேன்?

அருஞ்சொற் சீட்டை இப்போது கொடுக்கக் கூடாது என்றதும் இதற்காகத்தான். புரியாத சொல்லை அடிக்கோடு போட்டுவிட்டு ஊகிக்கச் சொல்லுங்கள். ‘சார், இந்த மேற்படியார் யார்? வரிக்கு வரி வருகிறாரே!’ என்று ஒரு மாணவி என் வகுப்பில் கேட்டாள். வகுப்பு சிரித்தது. ஆனால் அந்தக் கேள்விதான் வகுப்பைத் திரும்ப முதல் வரிக்கு அனுப்பியது. மேற்படியார் விற்றவர் என்று ஒரு குழு, வாங்கியவர் என்று இன்னொரு குழு; வரி எண் சொல்லி வாதாடினார்கள். இரண்டுமே சரி, இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு கேள்வி எழுதித் தர வேண்டும். அந்தச் சீட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அடுத்த பாடவேளைக்கான பாடக்குறிப்பு அவற்றிலிருந்து வரும்.

6. இரண்டாம் பாடவேளை: யார், எப்போது, யாருக்கு, எதற்கு

இப்போது சீட்டைக் கொடுக்கலாம், பின்னணியும் சொல்லலாம். நான்கு கேள்விகளையும் இந்த வரிசையிலேயே கேளுங்கள். ‘எதற்கு’ என்பதை முன்னால் கேட்டால் ஊகம் தலைதூக்கிவிடும். மற்ற மூன்றும் தெரிந்தால் ஊகத்துக்கு எல்லை கிடைக்கும்.

மாங்குளம் கல்வெட்டை வைத்துக் காட்டுகிறேன். மேலூர் போகும் வழியில் மீனாட்சிபுரத்தை ஒட்டிய குன்றில் உள்ள தமிழி (தமிழ் பிராமி) எழுத்து இது, கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார். வரிவடிவப் படத்தையும் கீழே தமிழ் எழுத்துப்பெயர்ப்பையும் கொடுங்கள். கூட்டல் குறி போல இருப்பது ‘க’ என்று அந்த ஓர் எழுத்தை மட்டும் சொல்லிவிட்டு, மற்ற எழுத்துகளைப் பொருத்திக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். புதிர்ப்போட்டி போல ஓடும்.

பிறகு, கொடுத்தது யார் என்று கேளுங்கள். நெடுஞ்செழியன் என்று வகுப்பே கத்தும், ஏனென்றால் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். கல்வெட்டில் அது ‘நெடுஞ்சழியன்’ என்று இருக்கிறது. அடுத்து வருவது ‘பணஅன்’, அதாவது அவனுடைய பணியாள். அந்தப் பணியாளின் பெயர் கடலன் வழுதி. கணி நந்தன் என்னும் துறவிக்குப் பள்ளியை, அதாவது துறவியர் உறைவிடத்தை, வெட்டுவித்தவர் அவர். அரசன் பெயர் அவர் யாரிடம் வேலை பார்த்தார் என்பதைச் சொல்ல வருகிறது. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் போனால் பிள்ளைகளே இங்கே வந்து சேர்வார்கள்.

அதே குன்றில் வெள்ளறை நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. இதையும் பக்கத்தில் வைத்தால், ‘மன்னர்கள் சமணத்தை ஆதரித்தனர்’ என்று மனப்பாடம் செய்த வாக்கியம் போதாது என்பது தெரிந்துவிடும்.

7. மூன்றாம் பாடவேளை: பாடப்புத்தகத்தை இப்போது திறங்கள்

சான்றைப் படித்து முடித்த பிறகே புத்தகம். புத்தகம் சொல்வதும் சான்று சொல்வதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று இரண்டு பத்தி போட்டு எழுதச் சொல்லுங்கள்.

இதற்கு மிகப் பொருத்தமானது காந்தி மதுரையில் விட்ட அறிக்கை. 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது அவர் அரையாடைக்கு மாறினார். இதைத் தெரியாத மதுரைப் பிள்ளை இல்லை. அன்று முதல் வாழ்நாள் முழுவதும் அரையாடை என்று சபதம் எடுத்தார் என்று சொல்லும். அறிக்கையைக் கொடுத்துப் பாருங்கள். தொப்பியையும் மேலுடையையும் குறைந்தது அக்டோபர் 31 வரை விடப்போவதாகத்தான் அதில் சொல்கிறார். சுமார் ஐந்து வாரம். உடம்பைக் காக்கத் தேவைப்பட்டால் துண்டு போர்த்திக்கொள்வேன் என்கிறார்.

வகுப்பு சற்று அதிரும். அதிரட்டும். ‘அப்படியானால் புத்தகம் பொய்யா?’ என்று ஒருவர் கேட்பார். இல்லை, பின்னால் நடந்தது தெரிந்தவர்கள் எழுதியது புத்தகம். பின்னால் என்ன நடக்கும் என்று தெரியாதவர் எழுதியது அறிக்கை. இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

காந்தியின் தொகுக்கப்பட்ட எழுத்துகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்திலிருந்து நீங்களே தமிழாக்கினால் தாளின் தலையில் ‘மொழிபெயர்ப்பு’ என்று எழுதிவிடுங்கள். அழகுபடுத்த வேண்டாம். ‘குறைந்தது’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் பாடமே மாறிவிடும்.

8. வகுப்பறைக்கு வெளியே

மலைக்கு என்றால் கீழக்குயில்குடி சமணர் மலை வசதி. பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக உள்ள சிற்பங்களின் அடியில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில், அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவம் ஒன்றில், இருக்கின்றன. ஏறுவதற்குப் படிகள் உண்டு. உச்சி வெயிலில் பாறை காலைச் சுடும். காலை ஏழரைக்குள் மேலே இருங்கள். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை: சாய்ந்த ஒளியில்தான் எழுத்து பள்ளமாகத் தெரியும், நடுப்பகலில் கல் வெறும் கல். வெளிச்சம் போதாத குகைக்குள் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்; நேராக அடித்தால் எதுவும் தெரியாது.

எழுத்தின் மேல் சுண்ணக்கட்டி தேய்ப்பது, மாவு பூசுவது, தண்ணீர் ஊற்றுவது மூன்றும் கூடவே கூடாது. தொல்லியல் துறைக்காரர்கள் கல்லில் தாள் ஒட்டி மைப்படி எடுப்பதைப் படத்தில் பார்த்துவிட்டுத் தாமும் முயல்பவர்கள் இருக்கிறார்கள். இவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். சேதப்படுத்துவது சட்டப்படி குற்றம். கீழே இறங்குமுன் பைகளில் கூர்மையான எதுவும் வெளியே வரவில்லை என்று ஒருமுறை பாருங்கள். காதலர் பெயர் கீறியிருப்பதைப் பிள்ளைகள் காட்டுவார்கள். அதையும் தேதியோடு குறித்துக்கொள்ளச் சொல்லலாம், சிரிப்போடு சிரிப்பாக.

பெற்றோர் ஒப்புதல், தலைமையாசிரியர் அனுமதி, கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எல்லாம் தயாராக நாளாகும். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு நகரமே போதும். மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒவ்வொரு வீதியாக வெளியே நடந்து, படம் வரையச் சொல்லுங்கள். 1840-ஐ ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து நகரை விரித்தார். பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தக் கோட்டையின் மேலவாசல் எச்சம் இன்னும் நிற்கிறது. விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. அங்கே நின்று, இதை வைத்தது யார், சுவரை இடித்தபோது யாருக்கு லாபம் என்று கேளுங்கள். கடை திறக்குமுன் முடித்துவிட வேண்டும்; பத்து மணிக்கு மேல் அந்தப் பகுதியில் நாற்பது பிள்ளைகளோடு நிற்க முடியாது.

9. மதிப்பெண் போடுவது

சரியான விடைக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால் அடுத்த வாரமே சான்றுக்கு நோட்ஸ் கேட்பார்கள். இரண்டு வினாக்கள் போதும். ஒன்று, பிள்ளை தன் கருத்தைச் சொல்லி அதற்கு வரி எண் காட்ட வேண்டும். வரி எண் இல்லாத கருத்துக்கு, அது சரியாகவே இருந்தாலும், பாதி மதிப்பெண்தான். இன்னொன்று, இந்தச் சான்று எதைச் சொல்லவில்லை என்பது. மாங்குளம் கல்வெட்டு, உளி பிடித்துப் படுக்கை வெட்டியவரின் பெயரைச் சொல்லவில்லை என்று ஒரு பிள்ளை எழுதினால் முழு மதிப்பெண் கொடுங்கள்.

10. திருப்பிக் கொடுப்பதும் கோப்பு வைப்பதும்

வாங்கிய மூலத்தை அந்த வாரமே வீட்டில் சேர்த்துவிடுங்கள். பிள்ளையின் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். பெற்றோரை வரச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஒரு சான்றுக்கு ஒரு கோப்பு. அதில் மறைப்பு ஒட்டிய நகல், எழுத்துப்பெயர்ப்பு, அருஞ்சொற் சீட்டு, ஒப்புதல் கடிதம், முதல் பாடவேளையில் பிள்ளைகள் எழுதிய கேள்விகள் ஆகியவை இருக்கட்டும். நகலின் பின்புறம் எந்த ஊர், எந்தத் தேதியில் வாங்கியது, எந்த வகுப்பில் நடத்தியது என்று பென்சிலில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே சான்றை எடுக்கும்போது பழைய கேள்விகளை முதலில் காட்டாதீர்கள். புதிய வகுப்பு தன் கேள்விகளை எழுதிக் கொடுத்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.